கண்மாய் வரத்துக் கால்வாய் மேல் மனைப்பிரிவு: முடிவு செய்வது சட்டமா, ஊர் வழக்கமா?

ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது: "மதுரைக்கு முழுமைத் திட்டம் இருக்கிறது, நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயை மூடிச் சாலை போட்டு, இரு பக்கமும் மனை விற்கிறார்கள். கேட்டால், ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடித்துவிட்டோம் என்கிறார்கள். ஓர் ஊர் எப்படி வளர வேண்டும் என்பதை முடிவு செய்வது சட்டமா, ஊர் வழக்கமா?" இதில் இரண்டு கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. எழுதிய விதியை மீறி இப்படி ஒன்று எப்படி நடக்க முடிகிறது என்பது ஒன்று. 'பேசி முடித்தது' என்பதற்கு ஏதாவது அதிகாரம் உண்டா என்பது மற்றொன்று. நகரமைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து, இந்த மாவட்டத்தின் வரைபடங்களையும் வயல்களையும் மாறி மாறிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஊரின் சர்வே எண்ணையோ பதிவேட்டையோ நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த மனைப்பிரிவைப் பற்றித் தீர்ப்பாக எதையும் சொல்ல மாட்டேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் நகரமைப்புக்குச் சட்டம் வந்தது 1920-இல். இப்போது நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலத்தில் குடியிருப்பு, எதில் வணிகம், எதில் வேளாண்மை என்று முழுமைத் திட்டம் வகை பிரிக்கிறது. கட்டடத்தின் உயரம், பக்க இடைவெளி, சாலை அகலம் ஆகியவற்றை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. திட்டப் பகுதிக்கு வெளியே நஞ்சையை மனையாக மாற்றுவதற்கும் 2017 முதல் தனி விதிகள் உண்டு. மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் தாமே ஒப்புதல் தந்துவிட முடியாது. நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு வேண்டும். 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று பல ஆண்டுகள் பலகை வைத்து விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த இசைவு இல்லாதவை. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் ஓர் ஆயுளின் சேமிப்பைக் கொடுத்து வாங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் எழுதிய விதி வருவதற்கு முன்பே நிலத்தின் மேல் வேறு விதிகள் இருந்தன. மதுரையின் நடுப்பகுதியே அதற்குச் சான்று. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரியும் தெருக்களை எந்த நகரமைப்புச் சட்டமும் வரையவில்லை. சாமி எந்த மாதம் எந்த வீதியில் வர வேண்டும், தேர் எவ்வளவு அகலம், எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்ற வழிபாட்டு ஒழுங்குதான் அவற்றைக் காத்தது. மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே தெருவின் பக்கம் நிரந்தரமாக ஒரு தூண் நீள்வதற்குத் தடை இருந்திருக்கிறது. அந்தத் தடைக்குப் பல தலைமுறைகளாகக் காவலாக இருந்தவர்கள் தேர் இழுத்தவர்கள்தாம். அழகர் கோயிலிலிருந்து வைகை வரை அழகர் இறங்கி வரும் வழியில் உள்ள மண்டகப்படிகளும் அப்படியே. எந்த இடத்தில் யார் சாமியை நிறுத்தி மரியாதை செய்யலாம் என்ற உரிமை குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் வழிவழியாக வருவது. அந்த உரிமை இருப்பதால்தான் மனை விலை ஏறிய சாலைகளிலும் சிறு மண்டபங்கள் இடிபடாமல் நிற்கின்றன.

வெளி வீதிகளின் கதை கொஞ்சம் வேறு. 1840-ஐ ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரத்தை வெளியே விரித்தார். அது அதிகாரத்தின் ஆணைதான். ஆனால் இடித்துத் தூர்க்கும் வேலையில் பங்கெடுத்தவர்களுக்கு அங்கேயே மனை என்ற ஏற்பாடு இருந்ததால், ஆணை மக்களின் நலனோடு சேர்ந்துகொண்டது. புதிய தெருக்களும் பழைய சதுர அடுக்கையே பின்பற்றின. ஏற்கெனவே மக்கள் மனத்தில் இருந்த வரைபடத்தை அந்த ஆணை அழிக்காமல் நீட்டித்தது என்பதால்தான் வெளி வீதிகள் இன்றும் நகரத்தோடு ஒட்டி நிற்கின்றன என்பது என் கருத்து.

இனி கண்மாய்க்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கண்மாய் என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் இல்லை. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி, கலுங்கு என்ற உபரிநீர்ப் போக்கில் வழிந்த நீர் வரத்துக் கால்வாய் வழியே கீழ்க் கண்மாய்க்கு வரும். அங்கிருந்து மடை என்ற மதகு வழியே வயலுக்குப் போகும். மிச்சம் அடுத்த ஊருக்குப் போகும். இந்தத் தொடரில் எழுதாத விதிகள் ஏராளம். எந்த மடை முதலில் திறப்பது, தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்கு எத்தனை நாழிகை, கலுங்கில் பலகை வைத்து மட்டத்தை உயர்த்தும் உரிமை யாருக்கு, கரை உடைந்தால் வீட்டுக்கு எத்தனை ஆள் என்பவை யாவும் ஊர்க்கூட்டத்தில் பேசி நின்றவை. மடையைத் திறந்து அடைக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். அறுவடையின்போது ஏக்கருக்கு இத்தனை என்று நெல்லாக அவருக்குக் கூலி. மீன் பாசிக் குத்தகைப் பணமும் கருவேல மர ஏலப் பணமும் பல ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் கரை வேலைக்கும் போனது. குடிமராமத்து என்ற இந்தக் கூட்டு உழைப்பை 1858-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாய உழைப்பு என்ற பெயரில் எழுத்தில் கொண்டுவர முயன்றது. ஆனால் ஊரில் தன் வயலுக்காகச் செய்த வேலை, அரசுக்காகச் செய்யும் வேலையாக மாறியபோது அதே ஆர்வத்தோடு நடக்கவில்லை.

அதன்பின் கண்மாய்கள் துறைகளின் கையில் பிரிந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, இன்றைய பெயரில் நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தண்ணீர் இந்தப் பிரிவை அறியாது, கோப்பு அறியும். மேல் கண்மாய் ஒரு துறையிடமும், கீழ்க் கண்மாய் இன்னொரு துறையிடமும், இரண்டுக்கும் இடையே ஓடும் கால்வாய் வருவாய்த் துறைப் பதிவேட்டிலும் இருக்கும்போது, அந்தக் கால்வாயைக் காக்கும் பொறுப்பு நடைமுறையில் ஒருவருக்கும் இல்லாமல் போகிறது. 2007-இல் வந்த நீர்நிலைப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள கண்மாய்களுக்கு என்றே எழுதப்பட்டது. சிறு கண்மாய்களுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் நாட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு மாற்றத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். ஆயக்கட்டில் நெல் விளைந்தவரை, கண்மாய் நிரம்ப வேண்டும் என்பதில் ஊரில் எல்லாருக்கும் ஒரே நலன். ஆயக்கட்டு மனையான பிறகு, அங்கே வீடு கட்டியவருக்குக் கண்மாய் நிரம்பாமல் இருப்பதுதான் நலன். மழைக்காலத்தில் கலுங்கை உடைத்து மட்டத்தைக் குறைக்கச் சொல்லும் கூட்டமும், மடையைத் திறந்துவிடச் சொல்லும் கூட்டமும் புதிதாக உருவாகின்றன. நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளக்க ஆளில்லை. அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். மடைச் சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத தலைமுறை வந்துவிட்டது. பழைய வழக்கத்தை யாரும் திட்டமிட்டு ஒழிக்கவில்லை. அதைத் தாங்கி நின்ற நலன் கரைந்தபோது வழக்கமும் தானே கரைந்தது. 2024 அக்டோபர் இறுதியில் சில மணி நேரப் பெருமழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, கண்மாய்த் தொடர் அறுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அரசும் இதற்கு விலக்கில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல் எழுந்த இடம் உலகனேரிக் கண்மாய் நிலம். பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று எழுதியிருப்பதை, யாருக்கும் வேண்டாத காலி நிலம் என்று படித்துப் பழகிய நிர்வாகப் பார்வையின் விளைவு அது. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால், களம், வண்டிப்பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பயன் இருந்தது. அந்தப் பயன்தான் அதன் விதி.

பழைய வழக்கம் கரைந்த இடத்தில் சட்டம் வந்து உட்கார்ந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்திருக்காது. அங்கே வந்தது மூன்றாவதாக ஒன்று. அதுவும் எழுதாத விதிதான். ஆனால் ஊர் வழக்கம் இல்லை. புரோக்கருக்கும், நிலம் விற்பவருக்கும், கையெழுத்துப் போடுபவருக்கும், ஊரில் குரல் உள்ள நாலு பேருக்கும் இடையே நடக்கும் புரிந்துணர்வு அது. ஊர் வழக்கம் ஊர் மந்தையில் எல்லார் காதிலும் விழப் பேசப்பட்டது. அதை மீறியவன் யார் என்று சிறுவனுக்கும் தெரியும். இந்தப் புரிந்துணர்வு நாலு சுவருக்குள் முடிந்து, பத்திரப்பதிவு ஆன பிறகே ஊருக்குத் தெரிகிறது. 'பேசி முடித்துவிட்டோம்' என்று உங்களிடம் சொன்னவர்கள் ஊர் வழக்கத்தின் மரியாதையைக் கடன் வாங்கிப் பேசுகிறார்கள். எந்தக் கூட்டத்தில், எந்த நாளில், யார் யார் முன்னிலையில் பேசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதிய விதியும் இந்தப் புரிந்துணர்வுக்குத் தீனி போட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை விதி மீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தினார்கள், அதாவது சட்டப்படி செல்லத்தக்கவை ஆக்கினார்கள். பிறகு 113-சி வந்து, 2007 ஜூலை 1 வரையிலான கட்டடங்களுக்கு வழி செய்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, 2017-இல் மனைகளுக்கும் வரன்முறை விதிகள் வந்தன; அதில் 2016 அக்டோபர் 20 எல்லை நாள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஏமாந்து வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் விட முடியாது என்பது உண்மை. ஆனால் மூன்று முறை எல்லை நாள் நகர்ந்ததைப் பார்த்த மக்கள், நான்காவதும் வரும் என்று எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த எதிர்பார்ப்பே இன்று சந்தையில் ஒரு விதியாக நடக்கிறது. உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று: கால்வாய், கண்மாய் போன்ற நீர்நிலைகளில் விழும் மனைகளை 2017 விதிகளும் வரன்முறைப்படுத்த இடம் தரவில்லை.

எழுதாத விதியை எழுதிய விதி மதித்து உள்ளே எடுத்துக்கொண்ட இடங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒருவர் 20 ஆண்டுகள் இடையீடின்றி, உரிமையாக, வெளிப்படையாக அனுபவித்த பாதை, நீர்வழி ஆகியவற்றுக்குச் சட்ட வலிமை தருகிறது. அரசு நிலமானால் 30 ஆண்டுகள். வழக்கத்தால் வந்த உரிமையையும் அது தனியாக ஏற்கிறது. கிராம நத்தத்தில், அதாவது ஊரின் பழைய குடியிருப்பு நிலத்தில், வாழ்பவரின் இடத்தை 1905 சட்டமே அரசுச் சொத்திலிருந்து விலக்கி வைத்தது. 2014-இல் வந்த தெருவோர வணிகர் சட்டம், மரபாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடத்தை இயல்புச் சந்தை என்று அங்கீகரித்து, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை வணிகர்களுக்கே ஒதுக்கச் சொல்கிறது. விளக்குத்தூண் பக்கம் பண்டிகைக் காலத்தில் யார் எந்த முனையில் கடை போடுவது என்பது வணிகர்களுக்குள் பேசி வைத்த ஒழுங்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோடு கிழித்தால் கோடு மறுநாளே அழிகிறது.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற விதியும் இந்த வகைதான். கோபுரத்துக்குப் போட்டியாக வீடு எழக் கூடாது என்பது மதுரைக்காரர் மனத்தில் முன்பே இருந்தது. அரசு அதற்கு ஓர் அளவு கொடுத்தது. அப்படியிருந்தும் மீறல்கள் நீதிமன்றம் வரை போயின. இதற்கு நான் காணும் காரணம், உறுதியாக நிறுவ முடியாத கணிப்பாகவே சொல்கிறேன்: தன் மனையின் மதிப்பில் ஒரு பகுதியை ஊரின் அழகுக்காக விட்டுக்கொடுக்கும் வீட்டுக்காரருக்கு ஊர் என்ன திருப்பித் தருகிறது என்பதை விதி சொல்லவில்லை. தேர் வீதிக்காரருக்குத் திருவிழா மரியாதை கிடைத்தது. இவருக்குத் தடை மட்டும் கிடைத்தது.

இதுவரை படித்தவர்கள் நான் ஊர் வழக்கத்தின் பக்கம் நிற்பதாக நினைக்கக்கூடும். அப்படி இல்லை. நம் மாவட்டத்திலேயே உத்தப்புரம் இருக்கிறது. 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு, தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளச் சுவர் எழுந்தது. அதற்கு ஊர்ப் பேச்சும் உடன்பாடும் ஆதாரமாகக் காட்டப்பட்டன. 2008 மே மாதத்தில் மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்கும் வரை அது நின்றது. எந்த முழுமைத் திட்டத்திலும் இல்லாத அந்தச் சுவர், யார் எந்த வழியே நடக்கலாம் என்பதை எந்தத் திட்டத்தையும்விடக் கடுமையாக முடிவு செய்தது. கண்மாய் வழக்கத்திலும் இந்த நிழல் உண்டு. மடையில் இறங்கி உழைத்த நீர்ப்பாய்ச்சி பல ஊர்களில் நிலமற்ற தலித் குடும்பத்தவர், பாசனம் பற்றிய முடிவில் அவருக்கு இடமில்லை. ஆகவே வெளிப்படையாகப் பேசியது என்பது மட்டும் போதாது. பேசிய இடத்தில் யார் உட்கார முடிந்தது, மறுத்தவர் வேறு எங்கே போய் முறையிட முடிந்தது என்பதையும் கேட்க வேண்டும். சட்டத்தின் முதல் வேலை அந்த முறையிடும் இடமாக இருப்பது என்றே நான் கருதுகிறேன்.

இரண்டும் கைகோத்ததற்கு அண்மைச் சான்று மேலூர்ப் பக்கம். அரிட்டாபட்டி 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது, கரை (வம்சப் பிரிவு), அம்பலம் (ஊர்த் தலைமை), நாடு (பல ஊர்களின் கூட்டு) என்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கும் ஊர் அமைப்புகள் மக்களைத் திரட்டின. அதே மக்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஊர்க்கட்டு மட்டும் இருந்திருந்தால் அது ஒரு போராட்டமாகவே நின்றிருக்கலாம். கிராம சபை மட்டும் இருந்திருந்தால் கையெழுத்துப் போட நாற்பது பேர் வந்திருப்பார்கள். மதுரை மாநகராட்சியில் இந்த நிலையை எதிர்பார்ப்பது கடினம். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகரத் திட்டமிடலை நகராட்சிகளுக்குத் தரத்தக்க பணிகளில் முதலாவதாக வைத்தும், முழுமைத் திட்டம் இங்கே பெரும்பாலும் துறையின் வேலையாகவே இருக்கிறது. 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மாநகராட்சியில் இல்லை.

இனி உங்கள் ஊருக்கு. நில எல்லைகளைக் காட்டும் கிராமப் புலப்படத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையையும் பரப்பையும் சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலையும் முதலில் வாங்குங்கள். புலப்படத்தில் கால்வாய் இரண்டு இணைகோடுகளாக, தனி சர்வே எண்ணோடு இருந்து, பதிவேட்டில் வாய்க்கால் என்றோ ஓடை என்றோ பதிவாகியிருந்தால், எந்தப் பெரியவர் பேசி முடித்தாலும் அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஊருக்கே சொந்தமில்லாத ஒன்றை ஊர் விட்டுக்கொடுக்க முடியாது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடம் 20 அடிச் சாலையாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்வாய் பட்டா நிலத்துக்குள்ளேயே, தனி எண் இல்லாமல் ஓடியிருந்தால் நிலைமை சிக்கலானது. அங்கே நீண்ட கால அனுபவத்தை நிரூபிக்க வேண்டும். பழைய அடங்கலில் (கிராமத்தின் பயிர்க் கணக்கில்) பாசன ஆதாரம் என்று எந்தக் கண்மாய் எழுதப்பட்டிருக்கிறது என்பதும், கீழ் வயல்காரர்களில் வயதில் மூத்தவர்களின் வாக்குமூலமும் உதவும். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை உங்கள் ஆவணங்களைப் படித்த ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். நான் வழக்கறிஞன் அல்லன்.

அதோடு கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கடைமடை வயல்காரர்களையும், நீர்ப்பாய்ச்சி குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களையும், புதிதாக மனை வாங்கிக் குடிவந்தவர்களையும் அழையுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வரப்போவது அவர்களுக்குத்தான். தீர்மானத்தில் கால்வாயின் சர்வே எண், தொடங்கும் கலுங்கு, சேரும் கண்மாய், பதிவேட்டின்படி பரப்பு, இப்போது எந்த இடத்தில் மூடப்பட்டிருக்கிறது என்பவற்றை எழுதி, அளந்து எல்லைக்கல் நடக் கோருங்கள். 'நீர்நிலைகளைக் காக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தை வைத்துக்கொண்டு எந்த சர்வேயரும் சங்கிலியை விரிக்க முடியாது.